இரண்டாவது கையெழுத்து

மேகம் வரிசையில் நின்று மருந்து வாங்கிப் போகும் ஊர் ஒன்று மலைமேல் இருக்கிறது. நம்பாதவர்கள் ஐப்பசியில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரி. அதன் மருந்துக் கவுண்ட்டருக்குச் சின்னதாக ஒரு ஜன்னல். வெயில் ஏறும்வரை அந்த ஜன்னலில் ஆள் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை சீட்டை நீட்டும். உள்ளேயிருந்து இன்னொரு கை மருந்தைக் கொடுக்கும்.

"சாப்பிட்ட பொறவு போடுங்க" என்று உள்ளே ஒரு குரல் சொல்லும்.

"சரிங்க" என்று மேகம் பதில் சொல்லும்.

உள்ளே இருந்த குரல் மருதாசலத்துடையது. ஐம்பதைத் தாண்டியவர். பாதி வாழ்க்கையை அந்த ஜன்னலுக்குப் பின்னால் கழித்த மருந்தாளுநர். மலை முழுக்க எல்லோருக்கும் அவர் குரல் தெரியும், முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு.

அவருடைய குருவின் பெயர் சுகந்தி. குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். சிஷ்யரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். வெள்ளைக் கோட்டுக்குமேல் நீல ஸ்வெட்டர், கையில் எப்போதும் ஆறிப்போன டீ. மருந்தாளுநர்களுக்குத் தேர்வு வைத்து, இன்ன துறையில் இவர் தேர்ந்தவர் என்று சொல்லும் வாரியம் ஒன்று உண்டு. புற்றுநோய் மருந்துத் துறையில் அந்த வாரியத்தின் சிறப்புச் சான்று பெற்றவர் சுகந்தி. அந்த மலையில் அதைப் பெற்றிருந்தவர் அவர் ஒருவர்தான்.

குரு சிஷ்யரை அண்ணா என்பார். சிஷ்யர் குருவை மேடம் என்பார். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் கிழக்கு மூலையில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. புற்றுநோய் மருந்து கலப்பதற்காகக் கட்டியது. கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டித்தான் கிடந்தது. அந்த மருந்து விளையாட்டு இல்லை. கொஞ்சம் கூடினால் ஆளையே சாய்த்துவிடும், கொஞ்சம் குறைந்தால் நோய் சிரிக்கும். ஆகவே அளவை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். விடை ஒத்துப்போனால் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கலக்க வேண்டும். இருவரும் வாரியச் சான்று பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் விதி. முதல் கையெழுத்துக்குச் சுகந்தி இருந்தார். இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லை. அதனால் பூட்டு.

அதனால்தான் மலையிலிருந்த நோயாளிகள் பஸ் ஏறிக் கீழே நகரத்துக்குப் போனார்கள். அங்கே மருந்து ஏற்றிக்கொண்டு, அதே பஸ்ஸில், அதே கொண்டை ஊசி வளைவுகளில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

அப்படிப் போய் வந்தவர்களில் ஒருத்தி தெய்வானை. மருதாசலத்தின் மனைவி.

அவர் சிஷ்யரானது அவளுக்காகத்தான். அறிவுத் தாகம் என்றெல்லாம் சொன்னால் அவரே சிரித்துவிடுவார். ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் படியிலேயே உட்கார்ந்துகொண்டு தெய்வானை சொன்னாள்:

"பங்குனி வரைக்கும் போறேன் மாமா. அதுக்கு மேல இந்த பஸ்ஸுல ஏற மாட்டேன். மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மருந்தோ இன்னும் ஒரு வருஷத்துக்குமேல் ஓட வேண்டியிருந்தது. மருதாசலம் மறுநாளே சுகந்தியிடம் போய் நின்றார். சொல்லிக்கொடுங்கள் என்றார்.

வாரியத் தேர்வு எழுத வேண்டுமானால், முன்பே சான்று பெற்ற ஒருவர் "இவர் தயார்" என்று சொல்ல வேண்டும். தேர்வு தை மாதத்தில். கார்த்திகை பிறப்பதற்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். ஐப்பசி பாதி போயிருந்தது. சுகந்தி இன்னும் சொல்லவில்லை.

ஒரு காலை, பூட்டிய கண்ணாடி அறைக்கு வெளியே நின்றுகொண்டு மருதாசலம் கேட்டார்:

"நான் எப்பங்க மேடம் தயாராவேன்?"

கண்ணாடிச் சுவரெங்கும் மேகம் ஈரமாகப் படிந்திருந்தது. சுகந்தி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விரலால் அந்த ஈரத்தின்மேல் ஒரு கணக்கு எழுதினார். ஒரு நோயாளியின் உயரம், எடை, தர வேண்டிய மருந்து, கடைசியில் அளவு.

"பாருங்கண்ணா."

மருதாசலம் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். விடைக்கு வந்ததும் நின்றார். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி நிற்பதுபோல் இருந்தது. போல் என்ன, தள்ளித்தான் நின்றது. அவருக்குள் ஒரு குரல், "அது அங்க இருக்கக் கூடாதே" என்றது. இன்னொரு குரல், அதைவிடக் கொஞ்சம் கனத்த குரல், "மேடம் வெச்ச புள்ளி" என்றது.

"சரிங்க மேடம்" என்றார்.

சுகந்தி உள்ளங்கையால் கணக்கை அழித்தார். அழித்த இடத்தில் ஒரு கையளவுக்கு அறையின் உட்புறம் தெரிந்தது. யாரும் தொடாத மேஜை, எரியாத விளக்கு.

"இன்னும் ஆகலீங்கண்ணா."

மருதாசலத்துக்கு மரியாதை என்பது சர்க்கரை வியாதி மாதிரி, ரத்தத்திலேயே இருந்தது. பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்றாலும் சரி என்பார். டாக்டரின் சீட்டில் சந்தேகம் வந்தால் போய்க் கேட்பார்தான், ஆனால் அவர் கேட்கிற பணிவில் சந்தேகம் என்ன என்பதே டாக்டருக்குப் புரியாது. எதிர்ப்பேச்சு மருந்துக்குக்கூடக் கிடையாது. அவருடைய அலமாரிகளில் மருந்துக்குக்கூட இல்லாத சரக்கு அது ஒன்றுதான்.

தனக்குப் படிப்புப் போதவில்லை என்று அவர் முடிவு கட்டினார். கனமான புத்தகங்களை வீட்டுக்குத் தூக்கிப் போனார். மதியம் கவுண்ட்டரில் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பக்கம் படிப்பார், அடுத்த பக்கத்தில் கண் செருகும். கனவில் மருந்துகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வந்து நிற்கும். முகம் தெரியாது, ஒவ்வொன்றும் ஒரு கையை மட்டும் நீட்டும். உற்றுப் பார்த்தால் எல்லாமே சுகந்தியின் கைகளாக இருக்கும். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார். விழித்தால் ஜன்னலில் மேகம் காத்துக்கொண்டிருக்கும்.

சில நாள் கழித்துச் சுகந்தி கண்ணாடி அறைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டார். முதுகோடு முதுகு ஒட்டினாற்போல்.

"அந்த ரூம் திறந்தா இப்படித்தான் உக்காரணும். ஆளுக்கொரு கணக்கு. ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் பாக்கக் கூடாது."

"சரிங்க மேடம்."

"நோயாளியோட எடை, உயரம்கூட என்கிட்டக் கேக்கக் கூடாது. நீங்களே போய்ப் பாத்து எழுதணும். உக்காருங்க."

மருதாசலம் நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்கார்ந்தால் குருவுக்கு முதுகைக் காட்ட வேண்டும். கோயிலில் சாமிக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே வருகிற மனிதர் அவர். நாற்காலியை மெதுவாக, சத்தம் வராமல், பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இருவரும் எழுதினார்கள். மருதாசலத்துக்கு ஒரு விடை வந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் கண் தானாகச் சுகந்தியின் தாளில் விழுந்தது. அங்கே வேறு விடை. அவர் தன் விடையை அடித்துவிட்டு அதை எழுதினார். எழுதிய பிறகு மனசு லேசாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சுகந்தி தாளை வாங்கிப் பார்த்தார். அடித்திருந்த எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"இன்னும் ஆகலீங்கண்ணா."

"ரெண்டு பேருக்கும் ஒரே விடைதானுங்களே மேடம்?"

"அதனாலதாங்கண்ணா."

"இன்னும் எந்தப் புஸ்தகம் படிக்கோணுங்க?"

"புஸ்தகம் போதும்."

"அப்ப என்னதானுங்க குறை?"

சுகந்தி யோசித்தார். "நான் உங்க முன்னாடி நிக்கறேன். அதுதான் குறை" என்றார்.

மருதாசலம் அதைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து சுகந்தி எதிரில் வந்தால் சட்டென்று ஒதுங்கி, அவர் தனக்கு முன்னால் நிற்காதபடி பார்த்துக்கொண்டார். வராந்தாவில் அவர் முன்னே போனால், இவர் குறுக்கு வழியில் ஓடி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கினார். இதைப் பார்த்த நர்ஸுகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. ஐப்பசி முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெய்வானைக்கு உடம்பு கொஞ்சம் தேவலையாக இருந்தது. நானே சமைக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கீழே சரிவில் இருந்த அவர்களுடைய வீட்டுக்குள்ளும் மேகம் வந்து போகும். அடுப்புப் புகை எது, மேகம் எது என்று தெரியாத வெள்ளைக்குள் அவள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். நெய் ஊற்றித் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். தலையில் முடி இல்லாததால் பச்சைத் துணியைக் கட்டியிருந்தாள்.

மருதாசலம் ஒரு வாய் வைத்தார். அவள் உப்பை இரண்டு தடவை போட்டிருந்தாள். மூன்று தடவையாகவும் இருக்கலாம்.

"எப்படி இருக்குது மாமா?"

"நல்லாருக்குது அம்மிணி."

இன்னொரு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய். மறுபடி தண்ணீர். சொம்பு காலியானது. எழுந்து போய்க் குடத்தில் மொண்டுகொண்டு வந்தார்.

தெய்வானை அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்புக் கூடிப்போச்சா?"

"சேச்சே."

"மாமா."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எனக்கு நாக்குச் செத்துப்போய் மாசக்கணக்காச்சு" என்றாள் தெய்வானை. "மண்ணைத் தின்னாலும் சக்கரையைத் தின்னாலும் ஒண்ணுதான். உப்புப் போட்டனா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்க நாக்கை நம்பித்தான் அடுப்பைப் பத்த வெச்சேன். நீங்களும் நல்லாருக்குதுன்னு சொல்லிட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"உன் மனசு நோகுமேன்னு..."

"நோகறது என் மனசுதானே? நோகட்டும். நீங்க உப்பைச் சொல்லுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சமையலை அவர் ஒரு குறை சொன்னதில்லை. அதை ஒரு பெருமையாகவே நினைத்து வைத்திருந்தார். இப்போது எதிரில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தபோது, அத்தனை நாளும் அவளை அடுப்படியில் தனியாக விட்டுவிட்டோம் என்று தோன்றியது.

"உப்புக் கரிக்குது அம்மிணி. வாயில வெக்க முடியலை."

தெய்வானை சிரித்தாள். பச்சைத் துணி அவிழ்ந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மருதாசலத்துக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் அழுதார். பிறகு இருவரும் தயிர் ஊற்றிப் பிசைந்து, அப்படியும் கரித்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

மறுநாள் காலை மருதாசலம் முதல் ஆளாகக் கண்ணாடி அறைக்கு முன்னால் போனார். நாற்காலிகள் இரண்டையும் தானே போட்டார். முதுகோடு முதுகு. சுகந்தி வந்ததும் ஒரு நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். குருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த அந்த நேரத்தில் பிடரி சுட்டது. மன்னிச்சுக்குங்க மேடம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

இருவரும் எழுதினார்கள். வராந்தா முழுக்க வெள்ளையாக இருந்தது. பின்னால் ஒரு பேனா ஓடும் சத்தம் மட்டும், எங்கோ வேறு மலையிலிருந்து வருவதுபோல் வந்தது.

"எனக்கு இது வருது" என்று சுகந்தி திரும்பாமலே ஓர் எண்ணைச் சொன்னார்.

"எனக்கு வேறங்க மேடம்."

"வேறயா? மறுபடி போடுங்க."

மருதாசலம் மறுபடி போட்டார். அதே விடை வந்தது. கீழே சாலையில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. எந்த வளைவில் என்று தெரியவில்லை.

"தப்புங்க" என்றார்.

"யாரோடது?"

அவர் எச்சிலை விழுங்கினார்.

"உங்களோடதுங்க மேடம்."

"எங்க?"

அவர் எழுந்து சுற்றி வந்து சுகந்தியின் தாளில் விரலை வைத்துக் காட்டினார். சுகந்தி ஆறிய டீயை ஒரு வாய் குடித்தார். கோட் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். எத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டிருந்தாரோ, மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது. "இவர் தயார்" என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மருதாசலம் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"அன்னிக்குக் கண்ணாடில எழுதினீங்களே, அந்தப் புள்ளி?"

"அதுவும் தப்புதான்."

"தெரிஞ்சேங்களா?"

"தெரிஞ்சேதான்."

"நாற்காலில உக்காந்து போட்டதெல்லாம்?"

"அதுவும் தெரிஞ்சேதாங்கண்ணா."

மருதாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே கவுண்ட்டருக்குப் போனார். போகிற வழியில், மேடத்துக்கு நிஜமாகத் தப்பு வராது, வந்தால் அது பாடம் என்று மனதின் ஒரு மூலையில் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டார். அந்த மூலை சுகந்தியின் கண்ணில் படவில்லை.

தை மாதம் தேர்வு நாளும் தெய்வானைக்கு மருந்து ஏற்றும் நாளும் ஒன்றாக வந்தன. இருவரும் ஒரே பஸ்ஸில் கீழே போனார்கள். அவள் ஒரு கட்டிலில், மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவர் வேறொரு தெருவில், ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால், கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து கை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் திரும்பும்போது அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை கரைந்து போயிருந்தது. பஸ் மேலே போகிறதா, சும்மா வெள்ளைக்குள் மிதக்கிறதா என்று தெரியவில்லை.

"நல்லா எழுதினீங்களா?" கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"தெரியலை அம்மிணி."

"உப்பு?"

"உப்புச் சரியாத்தான் இருந்துச்சு."

அவள் உதடு கொஞ்சம் விரிந்தது. கடைசி நிறுத்தத்தில் அவளால் படி இறங்க முடியவில்லை. கம்பளியோடு சேர்த்துத் தூக்கி இறக்கினார். வழக்கமான கனத்துக்குத் தயாராகி இருந்த கைகள் ஏமாந்துபோயின. கம்பளி மட்டும்தான் கனத்தது. அவள் எங்கே போய்விட்டாள் என்று அவருக்குத் திக்கென்றது.

பங்குனி பிறப்பதற்குள் சான்று வந்துவிட்டது. மருதாசலம் அதைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்து சுகந்தியிடம் நீட்டினார். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதிக்குமேல் செல்லாது, மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

"சான்றுக்குமாங்க மேடம் காலாவதி?"

"மருந்துக்கு இருக்குது. குடுக்கற ஆளுக்கு மட்டும் வேண்டாமா?"

சுகந்தி அதைச் சுவரில் மாட்டவில்லை. மருந்து அலமாரிக்கு எடுத்துப் போனார். சீக்கிரம் காலாவதி ஆகிற மருந்தை முன்வரிசையிலும், நாள் இருப்பதைப் பின்னாலும் வைப்பது மருந்தாளுநர்களின் பழக்கம். அந்தக் கணக்குப்படியே ஒரு தட்டில் சட்டத்தை வைத்தார். மருதாசலம் எட்டிப் பார்த்தார். அதற்கு முன்னால் ஏற்கனவே ஒரு சட்டம் இருந்தது. அது சுகந்தியுடையது.

கண்ணாடி அறை திறந்தது. மேஜையைத் துடைத்தார்கள், விளக்கு எரிந்தது. முதல் மருந்து தெய்வானைக்குத்தான் என்று வரிசை வந்தது.

"சொந்தப் பொண்டாட்டி மருந்தை நான் பாக்கலாமுங்களா மேடம்?"

"இந்த மலைல ரெண்டு பேர்தாங்கண்ணா இருக்கோம்."

அன்று காலை மருதாசலமே தெய்வானையை எடை பார்க்கும் மெஷினில் நிறுத்தினார். "கம்பளியை எடு அம்மிணி" என்றார். "குளுருது மாமா" என்று திட்டிக்கொண்டே எடுத்தாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, அவர் தன் முகத்தை அவள் பார்க்காமல் திருப்பிக்கொண்டார். பிறகு சுகந்தி வார்டுக்கு வந்தார். அதற்குள் தெய்வானை மறுபடி கம்பளிக்குள் போயிருந்தாள், முகம் மட்டும் வெளியே தெரிந்தது. சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி பஸ் இல்லீங்கக்கா" என்றார். தெய்வானை அந்தக் கையை விடவே இல்லை.

பிறகு கண்ணாடி அறைக்குள் இரண்டு நாற்காலிகள், முதுகோடு முதுகு. வெளியே மேகம் நான்கு பக்கமும் வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. இருவரும் எழுதினார்கள். இருவரும் தாளைத் திருப்பி மேஜையில் வைத்தார்கள்.

விடைகள் வேறாக இருந்தன. சுகந்தியின் அளவு கூடுதலாக இருந்தது.

மருதாசலம் தன் கணக்கை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். பிறகு சுகந்தியுடையதைப் பார்த்தார். பெருக்கல் சரி, புள்ளி சரி. எடை மட்டும் வேறு. கீழே நகரத்து ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த, முதல் தடவை எடுத்த எடை அது. தெய்வானை முழுசாக இருந்தபோது எடுத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை பிடரி சுடவில்லை, எச்சில் விழுங்கவில்லை, சிரிப்புக்கூட வந்தது.

"தப்புங்க மேடம்" என்றார். "எடை பழசு. இன்னிக்குக் காலைல நானே நிறுத்தேன். அவ பாதி கரைஞ்சு போயிட்டா."

சுகந்தி தன் தாளை அருகே இழுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வார்டுக்குப் போனார். தானே ஒரு தடவை தெய்வானையை நிறுத்துப் பார்த்துவிட்டு வந்தார். தன் எண்ணை அடித்தார். கீழே முதலிலிருந்து எழுதி, மருதாசலத்தின் விடைக்கு வந்து சேர்ந்தார். கையெழுத்துப் போட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

மருதாசலம் பேனாவை எடுத்தார். மனது நிறைந்திருந்தது.

"கடைசி வரைக்கும் சோதிக்கறீங்களே மேடம்" என்றார். "அதுவும் எங்க அம்மிணி மருந்துலயா?"

அவர் நிமிர்ந்தார். சுகந்தியின் விரல், தான் அடித்த எண்ணின்மேலேயே இருந்தது.

"இல்லீங்கண்ணா" என்றார். "இது எனக்கே தெரியலை."